உட்கார்ந்தே கழியும் இருபது வயது

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பாதையில் ஒரு மாணவரின் 24 மணி நேரம்

கல்லூரி மாணவரின் உடல்நலத்தை மூன்று கணக்குகள் தீர்மானிக்கின்றன: எவ்வளவு நேரம் உடலை அசைக்கிறார், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார், எவ்வளவு நேரம் தூங்குகிறார். மூன்றுக்கும் மூலதனம் ஒன்றுதான், 24 மணி நேரம். ஒன்றில் கூடினால் இன்னொன்றில் குறைந்தே தீரும். நள்ளிரவு வரை ரெக்கார்ட் நோட்டு எழுதுபவருக்குத் தூக்கம் குறைகிறது. தூக்கம் குறைந்தவர் மாலையில் மைதானத்தை எட்டிப் பார்ப்பதில்லை. உடல் களைக்காதவருக்கு இரவில் தூக்கம் சீக்கிரம் வருவதில்லை. மருத்துவ உலகம் நெடுங்காலம் இவற்றைத் தனித்தனி ஆய்வுப்பொருள்களாகவே வைத்திருந்தது. 2020 அக்டோபரில் கனடா, வயது வந்தோருக்கான 24 மணி நேர இயக்க வழிகாட்டியை வெளியிட்டது. அதன்படி 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். உட்காருவது 8 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, அதிலும் பொழுதுபோக்குக்காகத் திரை பார்ப்பது 3 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். இவற்றோடு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம், மூச்சு சற்று வேகமாகும் அளவுக்கு உடலுழைப்பும் தேவை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கத் தமிழ்நாட்டில் பொருத்தமான இடம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பாதை. சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் தண்டலம் தொடங்கி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரை ஒரு கிளை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் தெற்கே இறங்கி வல்லம் வடகால், ஒரகடம் வரை மற்றொரு கிளை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிஸானும், 2012-இல் டைம்லரும், 2013-இல் ராயல் என்ஃபீல்டும் உற்பத்தியைத் தொடங்கின. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் வந்தது; 2014-இல் மூடியது. இதே சாலையோரத்தில்தான் தண்டலத்தின் ராஜலட்சுமி, சவீதா கல்லூரிகளும் பென்னலூரின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரியும் உள்ளன. இளைஞர் நலனையே பாடமாகவும் ஆய்வாகவும் கொண்ட ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனமும் 1993 முதல் ஸ்ரீபெரும்புதூரில் இயங்குகிறது.

காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே இந்தச் சாலையில் இரண்டு வகைப் பேருந்துகள் வரிசை கட்டுகின்றன. ஒன்று காலேஜ் பஸ், இன்னொன்று கம்பெனி பஸ். இரண்டிலும் இருப்பவர்கள் ஏறத்தாழ ஒரே வயதினர், பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு. ஒருவர் நாள் முழுக்க உட்காரப் போகிறார், மற்றவர் நாள் முழுக்க நிற்கப் போகிறார். இருவர் கண்ணிலும் தூக்கம் மிச்சமிருக்கிறது. இந்த வயதுக்காரர்களின் உடல்நலக் குறைவைச் சோம்பலுக்கும் செல்போனுக்கும் மட்டுமே கணக்கெழுதிவிடுவது நம் வழக்கம். அந்தக் கணக்கு தவறு. அவர்கள் எப்போது எழ வேண்டும், எங்கே உட்கார வேண்டும், எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்பதைப் பெரும்பாலும் வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள்.

பேருந்தில் தொடங்கும் நாள்

இப்பகுதிப் பொறியியல் கல்லூரிகளில் எட்டு, எட்டரை மணிக்கே முதல் வகுப்பைத் தொடங்குபவை உண்டு. மாணவர்களோ சென்னையின் வடகோடியிலிருந்தும் திருவள்ளூர், அரக்கோணம், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கங்களிலிருந்தும் வருகிறார்கள். வீட்டிலிருந்து போய்வரும் ஒருவரின் நாளைக் கூட்டிப் பார்க்கலாம். போக ஒன்றரை, வர ஒன்றரை என்று பேருந்தில் 3 மணி நேரம். வகுப்பறையில் 6 மணி நேரம். வீட்டில் படிப்பு, அசைன்மென்ட், சாப்பாடு, செல்போன் எல்லாம் சேர்த்து இன்னொரு 4 மணி நேரம். மொத்தம் 13. கனடா வழிகாட்டி சொல்லும் எல்லையைவிட 5 மணி நேரம் அதிகம். இதில் மாணவர் தானாகத் தேர்ந்துகொண்டது கடைசி நான்கில் ஒரு பகுதி மட்டுமே.

விடுதி மாணவருக்குப் பயணம் இல்லை. அந்த மிச்ச நேரம் மைதானத்துக்குத்தான் போகிறது என்று சொல்ல முடியாது. விடுதி அறையில் ஆளுக்கொரு கட்டிலும் மேசையும் இருக்கும். மேசையில் துணியும் புத்தகமும் குவிந்துவிட, படிப்பு, படம், விளையாட்டு, அரட்டை எல்லாமே கட்டிலில்தான் நடக்கும். தூங்குகிற இடமும் விழித்திருக்கிற இடமும் ஒன்றாகிப் போனால் படுத்தவுடன் தூங்கும் பழக்கம் கெடும் என்பது தூக்க மருத்துவத்தின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று.

இவற்றையெல்லாம் ஆய்வாளர்கள் எப்படி அளக்கிறார்கள்? பெரும்பாலும் வினாத்தாள் வழியாக. கடந்த ஏழு நாளில் எத்தனை நாள், எத்தனை நிமிடம் கடுமையாக உழைத்தீர்கள், நடந்தீர்கள், உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்கும் பன்னாட்டு உடலியக்க வினாத்தாளின் சுருக்க வடிவத்தில் ஏழே கேள்விகள். தூக்கத்துக்கு 1989-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான தரக் குறியீடு இருக்கிறது. அதில் 21-க்கு 5-ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். வினாத்தாளில் மனிதர்கள் தங்கள் உடற்பயிற்சியைக் கூட்டியும் உட்காரும் நேரத்தைக் குறைத்தும் சொல்வது வழக்கம். எனவே இப்படிப்பட்ட ஆய்வுகளில் வரும் உட்காரும் நேரத்தைக் குறைந்தபட்ச அளவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டு யாருடையது?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பையோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பையோ பரிந்துரைக்கிறது. கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். மிதமானது எது என்று அறிய எளிய வழி உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தில் இரண்டரை மணி நேரம்தான் கேட்கப்படுகிறது. அதைக்கூட இந்தியர்களில் பாதிப் பேர் எட்டவில்லை. 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான கணக்கின்படி, போதிய உடலியக்கம் இல்லாத இந்தியர்கள் 2000-இல் சுமார் 22 விழுக்காடு. 2022-இல் அது 49 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. ஆண்களில் 42, பெண்களில் 57. உலகச் சராசரி 31.

இந்த வீழ்ச்சிக்குக் காரணம் ஜனங்கள் விளையாட்டை விட்டுவிட்டதல்ல. அவர்கள் விளையாடியதே குறைவு. தமிழ்நாட்டையும் உள்ளடக்கி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. அதில் பாதிக்கும் மேற்பட்டோர் உடலியக்கம் குறைந்தவர்கள். ஓய்வு நேரத்தில் விளையாட்டோ உடற்பயிற்சியோ செய்தவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் கீழ். நம் ஊரில் உடல் அசைந்தது வயலிலும், கிணற்றடியிலும், பள்ளிக்கு நடந்த பாதையிலும்தான். டிராக்டரும் குழாயும் ஷேர் ஆட்டோவும் பைக்கும் வந்தபோது அந்த அசைவு போனது. அதற்கு ஈடாக வேறொன்று வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தின் ஊர்களில் ஒரு தலைமுறைக்குள் விவசாய நிலம் சிப்காட் தொழிற்பேட்டை ஆனபோது இந்த மாற்றம் மற்ற ஊர்களைவிட வேகமாக நடந்தது.

மாணவரிடம் இந்த இழப்பு இன்னும் முன்பே தொடங்குகிறது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் கொடுத்துவிடுவது பெரும்பாலான பள்ளிகளில் எழுதப்படாத சட்டம். அந்த இரண்டு பொதுத் தேர்வுகளையும் கடந்து கல்லூரிக்கு வருபவர், நான்கைந்து ஆண்டுகள் ஓடாத காலோடு வருகிறார். கல்லூரியில் மைதானம் இருக்கும், உடற்கல்வி இயக்குநர் இருப்பார், கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரியும் இருக்கும். ஆனால் அந்த மைதானம் அணி வீரர்களுக்கானது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவர்கள் ஆடுவார்கள், மற்றவர்கள் ஆண்டு விழாவில் கை தட்டுவார்கள். திறமை இல்லாதவனுக்கும் விளையாட உரிமை உண்டு என்ற எண்ணம் நம் கல்வி நிலையங்களில் வேர்விடவே இல்லை. மாணவர் உடல்நலத்தில் கல்லூரிகள் செய்யும் முதல் பிழை இதுதான்.

பெண்களின் 57 விழுக்காட்டுக்கு வேறு காரணங்களும் உண்டு. பல விடுதிகளில் மாணவிகள் இருட்டும் முன்பே உள்ளே வந்துவிட வேண்டும். வகுப்பு முடிவதற்கும் கதவு மூடுவதற்கும் இடையில் கிடைக்கும் நேரம் வெயிலடிக்கும் நேரம். மைதானத்தில் ஆண்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஓடுவதற்கேற்ற உடை போட்டால் பார்வைகள் பின்தொடரும். வெளியே சாலையில் நடக்கலாமென்றால், கன்டெய்னர் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில் நடைபாதை தொடர்ச்சியாகக் கிடையாது. இத்தனையையும் தாண்டி ஒரு பெண் தினமும் அரை மணி நேரம் நடந்தால் அது அவளுடைய வைராக்கியம். எல்லோரிடமும் அந்த வைராக்கியத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

ஒல்லியாக இருக்கும் மாணவர்கள் இதெல்லாம் தங்களுக்கில்லை என்று நினைப்பதுண்டு. அவர்கள் அறிய வேண்டிய ஒரு படம் 2004-இல் லான்செட்டில் வந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டனின் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் அது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியெண் இருவருக்கும் 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2. இந்திய உடல்வாகில் தசை குறைவு, வெளியே தெரியாத கொழுப்பு அதிகம். 2023-இல் வெளியான ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதன் பின்னணியில் இதுவும் உண்டு. இந்திய மருத்துவர்கள் 2012-இல் கூடி வகுத்த பரிந்துரை இதனால்தான் உலக அளவைவிடக் கூடுதலாக, நாளொன்றுக்கு மொத்தம் 60 நிமிட உடலுழைப்பைக் கேட்டது.

நாற்காலியின் கணக்கு

தினமும் அரை மணி நேரம் ஓடிவிட்டு மிச்ச நாளெல்லாம் உட்கார்ந்திருந்தால் சரியாகிவிடுமா? உட்காருவது தனியாக ஒரு தீங்கு என்ற சந்தேகத்துக்கு ஒரு பேருந்துதான் தொடக்கம். லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறியிறங்குவார். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் இருவரையும் ஒப்பிட்டு 1953-இல் வெளியிட்ட ஆய்வில், நடத்துநர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவாகவும், வந்தாலும் அவ்வளவு கடுமையில்லாமலும் இருந்தது. இந்தியாவிலும் ஒரு தொழிற்சாலையே இதற்குச் சாட்சி சொன்னது. மேற்கு வங்கத்தின் லட்லோ சணல் ஆலையில் ஜீன் மேயர், பூர்ணிமா ராய், காமாக்ய பிரசாத் மித்ரா ஆகியோர் 213 பேரின் உணவையும் எடையையும் வேலையையும் ஒப்பிட்டு 1956-இல் வெளியிட்டனர். உழைப்பு கூடக்கூட உணவும் கூடியது, எடை ஒரே அளவில் நின்றது. இதில் வியப்பில்லை. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் அசைவு குறைந்தும் குறைவாகச் சாப்பிடவில்லை. கடும் உழைப்பாளிகள் அளவுக்கே சாப்பிட்டுப் பருத்திருந்தார்கள். ஓரளவுக்குக் கீழே அசைவு குறைந்துவிட்டால் பசி உடலின் தேவையைச் சரியாகச் சொல்வதில்லை என்பதை அந்த ஆலை காட்டியது. மதிய உணவுக்குப் பின் மூன்று வகுப்புகள் தொடர்ந்து உட்கார்ந்துவிட்டு கேன்டீனில் பஃப்ஸ் வாங்கும் மாணவருக்கு இது அப்படியே பொருந்தும்.

உடலுக்குள் நடப்பதும் இப்போது தெளிவாகத் தெரிகிறது. ரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் பெருமளவு எடுத்துக்கொள்வது தசைகள். அதிலும் தொடை, கெண்டைக்கால் தசைகள் பெரியவை. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை உள்ளிழுக்கும். உட்கார்ந்தவுடன் அந்த வழி அடைபடுகிறது. ஆஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டன் குழு 2012-இல் வெளியிட்ட சோதனையில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 2 நிமிடம் மெல்ல நடந்தவர்களுக்கே உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்தது. சோதனைக்கு வந்தவர்கள் 19 பேர்தான், அதிக எடையுள்ள நடுத்தர வயதினர். என்றாலும் அதன் பிறகு வந்த ஆய்வுகளும் அதே திசையையே காட்டின. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2016-இல் லான்செட்டில் வந்த ஆய்வு ஓர் ஆறுதல் தந்தது. நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் மிதமாக உழைப்பவர்களுக்கு, 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் வரும் கூடுதல் மரண அபாயம் நீங்கிவிடுகிறது. அரை மணி நேரத்தில் அது நீங்காது.

ஆக, ஐம்பது நிமிட வகுப்புக்குப் பின் ஐந்து நிமிடம் வராந்தாவில் நடக்கவிடுவது ஒழுங்கீனமல்ல. இரண்டு வகுப்புகளை இடைவெளியின்றி ஒட்டி வைத்து, அடுத்த ஆசிரியர் வரும்வரை யாரும் எழக் கூடாது என்று கட்டளையிடும் வழக்கம்தான் கைவிட வேண்டியது.

தள்ளிப்போகும் இரவு

மூன்றில் அதிகம் அடிபடுவது தூக்கம். அதைப் பற்றித்தான் அறிவுரையும் அதிகம், புரிதலும் குறைவு. இளைஞர்கள் இரவில் தாமதமாகத் தூங்குவது வெறும் பழக்கக் கோளாறு அல்ல. மூளையின் அடிப்பகுதியில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே உள்ள சிறிய நரம்புத் திரள் உடலின் கடிகாரம். பருவமடையும் வயதிலிருந்து அந்தக் கடிகாரம் ஆண்டுக்கு ஆண்டு பின்தள்ளிப்போகிறது. ஜெர்மனியின் டில் ரோனபெர்க் குழு 2004-இல் காட்டியபடி, அந்தத் தாமதம் உச்சத்தைத் தொடுவது ஏறத்தாழ 20 வயதில். பெண்களுக்குச் சற்று முன்பு, ஆண்களுக்குச் சற்றுப் பின்பு. அதற்குப் பிறகே மெல்ல முன்னோக்கித் திரும்புகிறது. வாழ்நாளிலேயே இயல்பாக மிகத் தாமதமாகத் தூக்கம் வரும் அந்த வயதில்தான், மிக அதிகாலையில் எழுப்பும் பேருந்து வருகிறது.

இரவு பன்னிரண்டரைக்குத் தூக்கம் வரும் உடலை ஐந்தேகாலுக்கு எழுப்பினால் கிடைப்பது ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. ஆழ்ந்த உறக்கம் இரவின் முதல் பகுதியில் அதிகம், கனவுத் தூக்கம் விடியலை ஒட்டி அதிகம். அலாரம் வெட்டி எறிவது பெரும்பாலும் பின்னதை. படித்ததை மூளை ஒழுங்குபடுத்தி நினைவில் நிறுத்துவதில் இரண்டுக்கும் பங்குண்டு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கி ஈடு செய்தால் திங்கட்கிழமை இன்னும் கடினமாகிறது. சென்னையில் இருந்தபடியே வாரம் ஒருமுறை வேறொரு நேர மண்டலத்துக்குப் போய்த் திரும்பும் பயணிபோல் உடல் தடுமாறுகிறது. பேருந்து ஜன்னலில் தலை மோதியபடி தூங்கும் ஒரு மணி நேரம் களைப்பைச் சற்றுத் தணிக்கும். இரவில் விட்ட தூக்கத்தை அது ஈடுகட்டாது.

குறைந்த தூக்கத்துக்கு உடல் பழகிவிடும் என்று நம்புபவர்கள் 2003-இல் பென்சில்வேனியாவில் ஹான்ஸ் வான் டோங்கன் குழு நடத்திய ஆய்வை அறிய வேண்டும். இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரமே தூங்கியவர்களின் கவனமும் நினைவும், ஓரிரு இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டன. அவர்களோ, தங்களுக்குக் கொஞ்சம்தான் தூக்கக் கலக்கம் என்று கருதிக்கொண்டிருந்தார்கள். பழகியது உடலல்ல, களைப்பை உணரும் புலன்தான் மழுங்கிப்போனது. சிகாகோவில் 1999-இல் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது, சர்க்கரையைக் கையாளும் அவர்களின் உடல்திறன் நீரிழிவின் தொடக்க நிலையை ஒத்த அளவுக்குச் சரிந்தது.

மதிப்பெண்ணுக்காகத்தான் தூக்கத்தை விடுகிறோம் என்பது மாணவர்களின் வாதம், பெற்றோரின் வாதமும்கூட. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேதியியல் படித்த மாணவர்களுக்குக் கைப்பட்டைக் கருவி கட்டி ஒரு பருவம் முழுக்க அளந்த ஆய்வு 2019-இல் வெளியானது. மாணவருக்கு மாணவர் மதிப்பெண் வேறுபட்டதில் ஏறத்தாழ கால் பங்கைத் தூக்கத்தின் அளவும் தரமும் ஒழுங்கும் விளக்கின. தேர்வுக்கு முந்திய ஒற்றை இரவில் நன்றாகத் தூங்கியதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை. படித்த வாரங்களில் தூங்கியதுதான் உதவியது. மாடல் எக்ஸாம், செமஸ்டர் என்று பத்து நாள் இரவு முழுக்க விழித்து அரியர் இல்லாமல் தப்பிக்கும் முறை, பாடத்தை நினைவில் நிறுத்த ஏற்ற முறையல்ல.

செல்போனைப் பற்றி ஒரு திருத்தம் தேவை. திரையின் நீல ஒளிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 2015-இல் வந்த ஹார்வர்டு ஆய்வில், படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்குத் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது உண்மை. ஆனால் கண் அயர அவர்களுக்குக் கூடுதலாக ஆனது சுமார் 10 நிமிடமே. பெரிய திருட்டு ஒளியில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஒரு ரீல் முடிந்ததும் அடுத்தது தானாக வரும்படி செய்திருப்பது, கையை எடுக்கவிடாமல் இருப்பதற்குத்தான். நாள் முழுக்கத் தன் விருப்பப்படி ஒரு மணி நேரமும் கிடைக்காத மாணவர், இரவு பதினொன்றுக்கு மேல் அந்த ஒரு மணி நேரத்தைத் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார். போனைப் பறிப்பதைவிட, பகலில் அவருக்கு ஒரு மணி நேரம் கொடுப்பது பயன் தரும். இரவு பத்து மணி டீயும் கவனிக்க வேண்டியது. உடலில் காஃபின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்.

தூக்கக் குறைவு சாலையில் உயிரைக் கேட்கும். தொடர்ந்து 17 முதல் 19 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 2000-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இந்தியாவில் வாகனம் ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 0.03 விழுக்காடு. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தவர் இரவு பத்தேகாலுக்கு பைக்கில் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் வந்தால், ஒரு சொட்டு மது அருந்தாமலே அந்த எல்லையைத் தாண்டிய நிலையில் வருகிறார்.

எதிர்ப் பேருந்தில் இருப்பவர்

கம்பெனி பஸ்ஸில் இருக்கும் இளைஞரின் கணக்கு வேறு வகை. ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ பட்டமோ முடித்து ட்ரெய்னியாகவோ ஒப்பந்தத் தொழிலாளியாகவோ வந்தவர், அசெம்பிளி லைனில் எட்டு மணி நேரம் நிற்கிறார். நாளெல்லாம் உழைப்பவருக்கு உடற்பயிற்சி எதற்கு என்று தோன்றும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், வேலையில் கடும் உடலுழைப்பு செய்த ஆண்களுக்கு முன்கூட்டிய மரண அபாயம் 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. ஓய்வு நேர ஓட்டத்தில் இதயத்துடிப்பு கொஞ்ச நேரம் உயர்ந்து பிறகு தணிகிறது, உடல் தேறுகிறது. லைன் வேலையில் ஒரே அசைவு, ஒரே நிலை, இடையே ஓய்வில்லை. நின்று வேலை செய்பவர் இடையில் உட்கார வசதி வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 44-ஆவது பிரிவாக எழுதப்பட்டது. கடைகளில் நிற்பவர்களுக்கு அந்த உரிமையைத் தமிழ்நாடு 2021-இல் சட்டமாக்கியது.

தூக்கம் இங்கே ஷிஃப்டுக்கு அடிமை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று சுழலும் முறையில், ஒரு நேரத்துக்கு உடல் பழகும் முன்பே அடுத்தது வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இரவுப்பணியைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் 2007-இல் சேர்த்தது, 2019-இல் மீண்டும் உறுதி செய்தது. பெண்கள் தொழிற்சாலைகளில் இரவுப்பணி செய்யச் சட்டத்தில் இருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் நீக்கியது. வேலைவாய்ப்பில் அது சமத்துவத்துக்கான தீர்ப்பு. தூக்கத்துக்கான பாதுகாப்பும் அதனுடன் வந்திருக்க வேண்டும். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அது நடைமுறைக்கு வந்திருந்தால், வேலையும் பயணமும் சமையலும் போக ஒரு தொழிலாளிக்கு 7 மணி நேரத் தூக்கம் மிஞ்சியிருக்காது.

இந்தத் தொழிற்பாதையில் ஒரு நல்ல முன்மாதிரியும் உண்டு. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடியது. வேலையிடத்துக்கு அருகிலேயே படுக்கை இருந்தால் பயண நேரம் தூக்கமாகிறது என்ற எளிய உண்மைக்கு அரசு செலவிட்ட தொகை அது. மாணவர்களுக்கு இப்படி யாரும் கணக்குப் போடவில்லை.

மாற்றக்கூடியவை

சென்னை திருமங்கலத்தின் ஏஷியாட் காலனியில் மருத்துவர் வி. மோகன் குழு நீரிழிவு பற்றி நடத்திய விழிப்புணர்வுக்குப் பிறகு, குடியிருப்போர் தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்காவை அமைத்தார்கள். உடற்பயிற்சி செய்வோர் 14 விழுக்காட்டிலிருந்து சுமார் 59 விழுக்காடாக உயர்ந்தனர். 2006-இல் பதிவான செய்தி இது. அறிவுரைக்குப் பின் ஓர் இடமும் கிடைத்ததால் வந்த மாற்றம். தமிழக அரசு 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் கண்டு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியதும் அந்த வழியில்தான். நடைபாதையே இல்லாத தொழிற்பேட்டைச் சாலைகளுக்கும் அது வர வேண்டும்.

நேரத்தை மாற்றுவதும் சாத்தியமே. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றியது. மாணவர்கள் இன்னும் தாமதமாகப் படுத்து அதை வீணாக்கிவிடுவார்கள் என்று பலர் எச்சரித்தார்கள். அளந்து பார்த்தபோது தூக்கம் நாளுக்கு 34 நிமிடம் கூடியிருந்தது, மதிப்பெண்ணும் உயர்ந்திருந்தது. ஒன்பது மணிக்கு வகுப்பு என்றால் பேருந்து நெரிசலில் மாட்டும் என்று நம் கல்லூரிகள் சொல்வதில் நியாயம் உண்டு. அந்த நெரிசலைத் தீர்க்கக் கல்லூரிகளும் கம்பெனிகளும் மாவட்ட நிர்வாகமும் ஒன்றாக உட்கார்ந்து ஷிஃப்ட் நேரத்தையும் வகுப்பு நேரத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும். சாலை ஒன்று, பேருந்துகள் பல. இதைத் தனித்தனியாக யாரும் தீர்க்க முடியாது.

அடுத்த பருவத்துக்கான கால அட்டவணையைப் போடும் கல்லூரி நிர்வாகங்களிடம் கேட்க வேண்டியவை நான்கு. முதல் வகுப்பை ஒன்பது மணிக்கு வையுங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் பின் ஐந்து நிமிடம் மாணவர்களை எழுந்து நடக்க விடுங்கள். மாலையில் ஒரு மணி நேரம், விளக்கு போட்டு, அணியில் இல்லாதவர்களுக்கும் குறிப்பாக மாணவிகளுக்கும் மைதானத்தைத் திறந்து வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் வருபவர்களுக்கு விடுதியில் முதலிடம் கொடுங்கள். பெற்றோரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: விளக்கை அணைத்துவிட்டுப் பதினொரு மணிக்குப் படுக்கும் பிள்ளையை, படிக்காமல் தூங்குகிறான் என்று எழுப்பாதீர்கள்.